பதினேழு பேர்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிதில், மலாக்கா ஊரின் காஜா பெராங் பகுதியில் பெரியவர்களுக்கான மாலைத் தமிழ் வகுப்பு ஒன்று நடந்தது. பள்ளியைப் பாதியில் விட்ட எனக்கு, மேலே படிக்க அது ஒன்றே வழி. அரசு மானியம் நீடிக்க, அதிகாரி பார்வையிட வரும் நாளில் இருபது மாணவர்களாவது இருக்க வேண்டும்.

அன்று அடைமழை. பதினேழு பேர்தான் வந்திருந்தோம்.

“சாமி ஊர்வலம்னா நனைஞ்சுக்கிட்டே வந்திருப்பானுங்க லா!” என்றான் கூடப் படித்த முனியாண்டி.

வாத்தியார், அடுத்திருந்த மலாக்காச் செட்டி வீடுகளிலிருந்து மூன்று பெண்களை அழைத்து வந்து உட்கார வைத்தார். அந்தக் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள்; நம் சாமியைக் கும்பிடுபவர்கள், ஆனால் பேசுவது மலாய்.

அதிகாரி வந்ததும் அந்தப் பெண்களில் மூத்தவரிடம், “இங்கே என்ன படித்தீர்கள்?” என்று மலாயில் கேட்டார்.

“ஒன்றும் இல்லை, துவான். ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். என் பெயர் மீனாட்சி. அதைத் தமிழில் எழுத ஆசை. இன்றைக்கே சேரலாமா?” என்றார் அவரும் மலாயிலேயே.

வாத்தியார் தலை குனிந்தார். அதிகாரி சிரித்தார், ஆனால் பதினேழு என்றுதான் எழுதினார். மானியம் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அவர் போனதும் வாத்தியார் கரும்பலகையில் ‘மீனாட்சி’ என்று எழுதினார். அந்த அம்மா முதல் எழுத்தைப் பழகி முடிப்பதற்குள் வகுப்பு நேரம் முடிந்தது.

“பேசோக் அடா கெலாஸ்?” நாளைக்கு வகுப்பு உண்டா என்று கேட்டார். அதுவே கடைசி வகுப்பாக இருந்தது.

நான் பிறகு வேறு ஊரில் படித்துவிட்டேன். மிச்ச எழுத்துகளை அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.