வழிமொழிய ஒருவர்

சீட்டுகளை ஒரே அளவாக நறுக்கிக்கொண்டிருந்தார் பைண்டர். அச்சகத்தில் புத்தகம் கட்டுவது அவர் வேலை. ஓரத்தில் கழிந்து விழும் காகிதத்தைச் சேர்த்துவைத்து, கட்சிப் பொதுக்குழுவுக்கு முதல்நாள் மாலை இப்படி நறுக்கி, நூலால் கட்டிப் பைக்குள் போட்டுக்கொள்வார். "சீட்டு ரெடி. ஓட்டுதான் பாக்கி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

கட்சி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தப் பேரையும் ஒரு பேருந்தில் ஏற்றினால் நாலைந்து இருக்கை காலியாகக் கிடக்கும். ஆனாலும் கொடி உண்டு, விதிப்புத்தகம் உண்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாக அசையாத ஒரு தலைவரும் உண்டு. ஆண்டுதோறும் கைதூக்கித்தான் அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் தூக்கவில்லை என்று மேடையிலிருந்து அவரே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எந்தக் கை கீழே இருக்கும்?

தலைவரை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் பைண்டரின் தீர்மானம். பதினோரு ஆண்டுகளாக முன்மொழிகிறார். வழிமொழிய இன்னொருவர் எழுந்தால்தான் விவாதத்துக்கே வரும். சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருப்பார். மின்விசிறி மட்டும் கடகடக்கும். நாற்பது பேர் நடுவில் அப்படியொரு தனிமை அவருக்கு. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வழிமொழிவார் இல்லை. அடுத்தது" என்பார்.

கூட்டம் முடிந்து மாடிப்படி இறங்கும்போது, உறுப்பினர்களில் ஒருவரான தையல்காரர் காதோடு சொல்வார்: "நீங்க சொல்றது நியாயம்தாண்ணே."

"அப்பவே எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமேப்பா?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ணே."

படிக்கட்டில் கட்சியே அவர் பக்கம். கூடத்தில்தான் ஆள் இல்லை.

வீட்டிலும் இதே பேச்சுதான். "பேசாம நான் வந்து வழிமொழியட்டுமா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். கேலிதான். அவரோ நெடுநேரம் யோசித்து, "நீ உறுப்பினர் இல்லையே" என்றார், உண்மையான வருத்தத்தோடு. அதற்குமேல் அவளுக்குச் சிரிக்க மனம் வரவில்லை.

இந்த ஆண்டு தலைவர் முந்திக்கொண்டார். "கட்சிக்குள்ள குழப்பம் பண்ற பைண்டரை நீக்கணும்னு முன்மொழிகிறேன்."

யாரும் எழவில்லை. தையல்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பைண்டரோடு எல்லோருக்கும் முப்பது ஆண்டுப் பழக்கம். பைண்டர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், தீர்மானம் தானாக விழுந்துவிடும். அவரும் கட்சியிலேயே இருக்கலாம். அதை விட்டால் அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை.

எழுந்தார். "வழிமொழிகிறேன்."

தலைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யோவ், உன்னை நீக்கறதுக்கு நீயே வழிமொழியறியா?"

"ஆமாங்க தலைவரே. உறுப்பினரை நீக்கணும்னா மட்டும் ரகசிய ஓட்டுன்னு விதியில இருக்கு. நான் கட்டின புஸ்தகம்தான், பாருங்க."

பையைத் திறந்து, நூலை அவிழ்த்து, முதல் வரிசையிலிருந்து ஆளுக்கொரு சீட்டாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். தையல்காரர் வாங்கிக்கொண்டு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுவா இருந்தாலும் எழுதுப்பா. யாரும் பாக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, பைண்டர் சுவர் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.