துபாயில் இருந்தவரின் ஓட்டு

என் வாய் சும்மா இருக்காது. வார்டு தேர்தலுக்கு பூத் சிலிப் கொடுக்க வந்தவன் எங்கள் வீட்டுக்கு இரண்டு சிலிப்பை நீட்டினான். "அவிய துபாய்ல இருக்காவ. லீவுக்கு வர இன்னும் ரெண்டு மாசம் ஆவும், இது எதுக்கு?" என்று பெருமையாகச் சொல்லி என் வீட்டுக்காரரின் சிலிப்பைத் திருப்பிக் கொடுத்தேன். கடையநல்லூரில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் கொடுப்போம்.

தேர்தலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி ஒரே ஓட்டில் தோற்றாள். அவளுடைய பூத் ஏஜெண்ட் குறித்து வைத்த பட்டியலைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஓட்டுப் போட்டுவிட்டதாகக் கோடு போட்டிருந்தது. ஜெயித்தவரின் ஆளிடம் சிலிப்பைத் தூக்கிக் கொடுத்தவளே நான்தானே!

"ஏட்டி, கேஸு போடு" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா. பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்லா" என்று அவள் கதவைப் பாதி சாத்தினாள். யாரோ வந்து மிரட்டியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

தோற்றவள் போடாவிட்டால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். தென்காசி வக்கீலம்மா இல்லை என்றார். "வேட்பாளர்தான் போடணும்னு இல்லம்மா. அந்த வார்டுல ஓட்டு உள்ள யாரும் போடலாம். நாப்பத்தஞ்சு நாளைக்குள்ள போடணும், அவ்வளவுதான்."

திரும்பும் பஸ்ஸில் குற்றாலத்துச் சாரல் முகத்தில் அடித்தது. ஜன்னலை மூடத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் நேரே பக்கத்து வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை மனுவில் கையெழுத்துப் போடப் போவதைச் சொன்னேன். வீட்டுக்காரர் துபாயிலிருந்து வரும் தேதியையும் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் சிலிப் கொடுத்தவன் வாசலில் நின்றான். கையில் வாக்காளர் பட்டியல். என் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

"கேஸு போடக்கூடிய ஆளுவ யாரு யாருன்னு பாக்கோம்க்கா" என்று சிரித்தான். "அண்ணன் அடுத்த மாசம் பன்னெண்டாந்தேதி வாராவளாம்லா? பத்திரமா வரட்டும். திரும்பிப் போவவும் வேணும்லா?"

பக்கத்து வீட்டு ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

திங்கட்கிழமை நான் தென்காசிக்குப் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை. நாற்பத்தைந்து நாளும் கழிந்தது.

பன்னிரண்டாம் தேதி அவர் ஊர் வந்து இறங்கினார். ஜெயித்தவர் பஸ் ஸ்டாண்டில் சால்வையோடு நின்றார். போர்த்திவிட்டு, இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க ஒரு ஓட்டுலதான் ஜெயிச்சேன், அண்ணாச்சி."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டேன்.