இடுப்புயர மேடையில் ஒரு லேத்

முடிச்சூரில் கிபாயத்துல்லா வீட்டு கார் ஷெட்டில் கார் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அங்கே நிற்பது ஒரு லேத் மிஷின். வயதில் அது தன்னைவிடப் பெரியது, கோபத்தில் சபீஹாவுக்குச் சமம் என்பார் அவர். மனைவி காதில் விழாத நேரமாகப் பார்த்துத்தான் சொல்வார்.

தாம்பரத்தில் ஒரு பட்டறையில், முப்பது வருஷம் அடுத்தவர் லேத்தில் நின்று இரும்பு கடைந்தவர். சொந்தமாக ஒரு லேத் வேண்டும், அதில் பிடித்த வேலையைப் பிடித்த நிதானத்தில் செய்ய வேண்டும், இதைத் தாண்டி மனுஷருக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. 2015 வெள்ளத்தில் பட்டறை மூழ்கியது. சேற்றில் கிடந்து துருப்பிடித்த லேத்தை முதலாளி பழைய இரும்புக்குத் தள்ளிவிடப் பார்த்தபோது, கிபாயத்துல்லா முந்திக்கொண்டு வீட்டுக்கு ஏற்றி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் எந்தப் பேச்சும் லேத்தில்தான் போய் முடியும். மண்ணெண்ணெயும் உப்புத்தாளுமாக உட்கார்ந்து துருவைத் தேய்த்தார். பேரிங் மாற்றினார். பழைய தோல் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரப்பர் பெல்ட்டும் வீட்டுக் கரண்டில் ஓடும் சின்ன மோட்டாரும் பொருத்தினார். பெருநாளுக்குப் போட்ட புதுச் சட்டையோடு போய் எண்ணெய் விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

ஒரு பயம் மட்டும் அவரை விடவில்லை. இன்னொரு தடவை தண்ணீர் ஏறினால் லேத் அவ்வளவுதான். மறுபடி உட்கார்ந்து தேய்க்க உடம்பில் தெம்பு இல்லை. அதனால் ஷெட் சுவரில் 2015 வெள்ளத்தின் கறை எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்கும் மேலே வருகிற மாதிரி ஒரு மேடை கட்டச் சொன்னார். நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று கொத்தனார் வெற்றிவேல் திரும்பத் திரும்பக் கேட்டார். கிபாயத்துல்லா ஒற்றைக்காலில் நின்றார். ஹாலோ பிளாக்கில் இடுப்புயரத்துக்கு மேடை எழும்பியது, அதன் மேல் லேத்தும் ஏறியது.

ஏறிய பிறகு பார்த்தால், கடைய வேண்டிய தண்டு அவர் தலைக்கு மேலே இருந்தது. காலமெல்லாம் லேத்தில் நின்றவருக்கு லேத்தின் உயரம் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நாட்களில் அவர் அளந்ததெல்லாம் தண்ணீரைத்தான்.

மனுஷர் அசரவில்லை. பலகை அடித்துத் தான் நிற்கவும் ஒரு மேடை செய்துகொண்டார். அதில் ஏறினால் கூரை இடிக்காத குறைதான். முதல் நாள் எட்டிப் பார்த்த சபீஹா, இது லேத்தா, பள்ளிவாசலில் இமாம் ஏறி நின்று பேசும் மிம்பரா, வெள்ளிக்கிழமை பயானை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கேலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வேலை அல்லவா கெட்டுப்போனது! காலடியில் பலகை ஆடியது, உயரத்தில் லேத் உதறியது. இரும்பைச் சீவும் பிட் நடுங்கி, தண்டின் மேல் அலையலையாகக் கோடு விழுந்தது. எதிர் வீட்டு துரைராஜின் கேட் கீலுக்கு ஒரு பின் கடைந்து கொடுத்தார். அது இறுகிக்கொண்டு கேட் திறக்கவே மறுத்தது. துரைராஜ் பெருந்தன்மையாகப் பின்வாசல் வழியே போய் வந்தார். கிபாயத்துல்லாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அடுத்தவர் மிஷினில் வராத தப்பு சொந்த மிஷினில் வந்ததே என்று கூசிப்போனார்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பிவிட்டது என்றதும் தெருவே பரபரத்தது. வருஷா வருஷம் நடப்பதுதான். ஃப்ரிட்ஜுக்கு அடியில் செங்கல், வாஷிங் மிஷின் கட்டில் மேல், கார்கள் மேம்பாலத்தில். கிபாயத்துல்லா மட்டும் தன் பலகை மேடையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு டீ குடித்தார். தண்ணீர் கேட்டைத் தாண்டி வந்து, கணுக்காலை நனைத்துவிட்டு, மறுநாள் வடிந்துவிட்டது. மேடையின் முதல் கல்கூட முழுசாக நனையவில்லை.

ஃப்ரிட்ஜை இறக்க சபீஹா கூப்பிட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் செங்கல்லை உருவினார்கள். நம் லேத்துக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது என்று அவர் பெருமையாக ஆரம்பித்தார். சபீஹா ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார்.

"தண்ணி வந்தா தூக்குறோம், போனா எறக்குறோம். அதுக்குன்னு வருஷம் பூரா செங்கல்லு மேலயே வெச்சிக்கினு, ஸ்டூல்ல ஏறியா பால் எடுக்குறோம்?"

கிபாயத்துல்லா ஃப்ரிட்ஜைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஷெட்டுக்குப் போனார். அன்று முழுக்க கார் ஷெட்டின் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மேடையை உடைக்க வெற்றிவேல் வந்தார். இந்த முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஷெட்டின் இரண்டு பக்கத்துச் சுவருக்கும் குறுக்கே ஒரு கனத்த இரும்பு பீம் ஏறியது, அதில் ஒரு செயின் பிளாக் தொங்கியது. கையால் சங்கிலியை இழுத்தால் லேத் அப்படியே மேலே போகும், மறுபக்கம் இழுத்தால் இறங்கும்.

கிபாயத்துல்லா லேத்தைத் தரையில் நிறுத்தி, லெவல் பார்த்து, ஒரு தண்டை அதன் பிடியான சக்கில் இறுக்கி ஓடவிட்டார். சுருள் சுருளாக இரும்பு இறங்கியது. நிறுத்திவிட்டு விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கோடு இல்லை. கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் இதை வெள்ளத்துக்காகவே வைத்திருந்தேனே என்று தன் மேலேயே கோபம் வந்தது; சிரிப்பும் வந்தது.

வாசலில் மறுபடி தூறல் விழுந்தது. சங்கிலியை இழுக்கலாமா என்று சபீஹா உள்ளிருந்து கேட்டார்.

"தண்ணி கேட்டாண்ட வரட்டும், தூக்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த தண்டை எடுத்துச் சக்கில் மாட்டினார்.