கொக்குக் கட்டையை நான் வெளுத்த கதை

பிள்ளைகளே, ஒரு பொங்கல் லீவில், பனியன் துணி வெளுக்கும் எங்கள் சலவைப் பட்டறை ஆட்கள் குடும்பத்தோடு வேன் பிடித்து ராமேஸ்வரம் போனோம். கோயிலை முடித்துக்கொண்டு மத்தியானம் கூட்டமில்லாத ஒரு கரையில் இறங்கினோம். எல்லாரும் தண்ணீரில் ஆட்டம் போட, ஐந்தாவது படித்த என் மகள் மட்டும் கரையோரமாகக் குனிந்து குனிந்து நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

கரை நெடுக அலை கொண்டுவந்து போட்ட கட்டைகள். எந்த ஊர் மரமோ, எத்தனை நாள் மிதந்ததோ! பட்டை போய், முனை மழுங்கி, கையில் எடுத்தால் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தன. நிறம்தான் அதிசயம். சாம்பல் நிறம்தான், ஆனால் வெயிலில் திருப்பினால் வெள்ளியாக மினுங்கியது. துணியில் எத்தனையோ ஷேடு பார்த்தவன் நான். இந்த நிறம் எந்த ஷேடு கார்டிலும் கிடையாது.

கழுத்தை வளைத்து நிற்கும் கொக்கைப் போல ஒரு கட்டையை மகள் எடுத்துக்கொண்டாள்.

"அடுப்புக்கா கண்ணு?" என்றாள் என் மனைவி.

"இல்லீங்கம்மா, கொக்கு."

"நம்மூரு சாயத் தண்ணி ஓடற நொய்யல்ல வுட்றாத சாமி, கொக்கு கலர் மாறிப்போயிரும்!" என்றார் என்னோடு மெஷின் ஓட்டும் நண்பர். கரையே சிரித்தது.

எங்கள் ஊர் மண்ணரைக்குத் திரும்பிய மறுநாளே வீட்டில் சண்டை. "ஏனுங்க, ஊடு பூரா கருவாட்டு நாத்தம் அடிக்குது. அவ பள்ளிக்கூடம் போனதும் தூக்கி எறிஞ்சுருவேன்" என்றாள் மனைவி. மகள் கட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். மகளிடம் சொல்லாமல் கட்டையைப் பட்டறைக்குக் கொண்டுபோய், துணி வெளுக்கும் பெராக்சைடு கலந்த சுடுதண்ணீரில் ஊறப்போட்டேன். சாயங்காலம் நாற்றம் போயே போய்விட்டது. கட்டையும் புதுப் பனியன் மாதிரி பளீர் வெள்ளை! பெருமையோடு நீட்டினேன்.

மகள் வாங்கவில்லை. "இது என்னுதில்லீங்கப்பா. என்னுது எங்கீங்க?"

"இதேதான் கண்ணு. கொக்குன்னா வெள்ளைதானே?"

"அது சாம்பக் கொக்குங்கப்பா!" என்று அழுதவள், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த நிறத்தைக் கொடுத்தது யார் என்று யோசித்தேன். வெயில், தண்ணீர், உப்பு. அவ்வளவுதானே? கட்டையைக் கூரைமேல் வைத்துக் கட்டினேன். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு சொம்பு உப்புத் தண்ணீர் ஊற்றினேன்.

"கடலுக்கு வேலையாள் கெடச்சாச்சு. சம்பளம் எவ்வளவுங்க?" என்று மனைவி கேலி செய்தாள். அதைக் கேட்டு மகள் சிரித்துவிட்டாள். மறுநாள் முதல் சொம்பைப் பிடித்துக்கொண்டு ஏணிக்குக் கீழே அவளும் நின்றாள்.

பிள்ளைகளே, இந்த வேலையில் அவசரம் நடக்காது. சித்திரை வெயிலில் கட்டை மஞ்சளாகத்தான் மாறியது. "அந்தக் கலரு இன்னும் வல்லீங்கப்பா" என்பாள் மகள். ஐப்பசி மழை அடித்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டையை இறக்கி அவள் கையில் கொடுத்தேன். வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"வந்துருச்சுங்கப்பா! கழுத்துல மட்டும் வெள்ளை."

"இன்னொரு மாசம் போடட்டுமா?"

"வேண்டாமுங்க. சாம்பக் கொக்குக்குக் கழுத்து வெள்ளையாத்தான் இருக்குமுங்க." கட்டையை டிவிமேல் நிறுத்திவிட்டு என்னையும் அம்மாவையும் பார்த்தாள். "இனி இதைய யாரும் தொவைக்கக் கூடாதுங்க."