எலி அறையின் பூனை

எலிகளைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பூனை என்று பட்டப்பெயர்! எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவர் பூனையண்ணன்தான். நடந்தால் சத்தமே கேட்காது. சாவிக்கொத்தைக்கூடக் கைக்குட்டையில் சுற்றித்தான் பையில் வைப்பார். கதிர்வீச்சு கொடுத்த எலிகள் உள்ள அறை அது. சாவி குலுங்கினாலே சிலவற்றுக்கு வலிப்பு வந்துவிடும். அதனால் உள்ளே யாரும் வாய் திறக்கக்கூடாது.

வீட்டிலும் அவருக்குப் பேச ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கடல் கடந்து இருக்கிறாள். போன் வரும். "சாப்பிட்டியாப்பா?" "ஆச்சும்மா." அவ்வளவுதான். அந்த அறையை விட்டால் அவருக்கு வேறு துணை கிடையாது.

போன முறை செய்த ஆய்வில் பாதி எலிகளுக்குத்தான் கதிர்வீச்சு. மீதியைச் சும்மா விட்டிருந்தார்கள். சில வாரம் கழித்து மணியடித்து, எந்தப் பாதி அதிகம் மிரள்கிறது, எதற்கு வலிப்பு வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆய்வாளர் மேடம் மணியடித்தார். கதிர் பட்ட எலிகள் நிதானமாக மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தன. ஒன்று மேடத்தின் உள்ளங்கையில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது.

"என்னண்ணே, எல்லாம் உங்க குட்டிங்களா? கொஞ்சிக்கிட்டு வருது!"

அவர் சிரிக்கவில்லை. "நான்தான் மேடம்... மத்தியானம் கையில எடுத்துத் தடவிக் குடுப்பேன். காதோட ரெண்டு வார்த்தை பேசுவேன்."

"எல்லாத்தையுமா?"

"இல்ல, கதிர் பட்டதுங்கள மட்டும். பாவம், அதுங்கதான கஷ்டப்படுது."

மேடம் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "ஐயோ அண்ணே! கை பழகின எலி எப்படி மிரளும்? வலிப்பு கொறஞ்சது கதிராலயா, உங்க கையாலயான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? மொத்தமும் போச்சே!"

"திட்டுங்க மேடம். இந்த அறையிலேர்ந்து மட்டும் மாத்திடாதீங்க."

மேடம் கையிலிருந்த எலியைக் கூண்டில் விட்டார். பிறகு கேட்டார்: "இனிமே தொடாம இருப்பீங்களா?"

அவர் கூண்டைப் பார்த்தார். ஒரு பொய் சொன்னால் போதும்! பக்கத்தில் நின்ற எனக்கு, சொல்லித் தொலையுங்களேன் என்று கத்தலாம் போலிருந்தது.

"முடியாது மேடம்," என்றார்.

இப்போது அவருக்குக் கூண்டு கழுவும் அறையில் வேலை. இயந்திரம் இரைகிறது, தகரத் தட்டுகள் மோதுகின்றன, பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. வருவதெல்லாம் காலிக் கூண்டுகள்தான். நேற்று அவரைப் பார்க்கப் போனேன். பூட்டைத் திறக்கச் சாவியை எடுத்தார். இன்னும் கைக்குட்டையில்தான் சுற்றி வைத்திருக்கிறார்.