பிடுங்கிய முதல் தாள்

ரங்கூன் சட்டசபையில் எங்கள் இந்தியர் தொகுதிக்கு ஒவ்வொரு தேர்தலிலும் ஒருவரேதான் ஜெயித்தார். எல்லோருக்கும் அவர் மெம்பர் ஐயா. நான் அவருடைய ரைட்டர். அவர் சபையில் கேட்ட கேள்விகளை எழுதியவன் நான்தான். கேட்காமல் போன ஒரு கேள்விக்கும் நானே பொறுப்பு. அதை நினைத்தால் இந்த வயதிலும் பல்லைக் கடிக்கிறேன்.

கெமண்டைன் படகுத்துறையில் அரிசி மூட்டை தூக்கிய நம் ஆட்கள் தங்கியிருந்த கொட்டடியில் குடிநீர்க் குழாய் இல்லை. ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வாந்திபேதியில் செத்தார்கள். சபையில் குழாய் கேட்கச் சொல்லி அவர்களுடைய மேஸ்திரி வந்தார். மனுவை நானே எழுதினேன். வாசகம் முதல் தாளில், கைநாட்டுகள் பின்னால் தனித் தாள்களில். அதுதான் எங்கள் வழக்கம்.

கொட்டடியின் சொந்தக்காரர் மெம்பரின் தேர்தல் செலவைப் பார்ப்பவர்.

"இது இப்ப வேணாம் தம்பி. எலெக்‌ஷன் முடியட்டும்" என்றார் மெம்பர்.

அவர் சொன்னது அவ்வளவுதான். மீதி அயோக்கியத்தனம் என்னுடையது. முதல் தாளைப் பிடுங்கினேன். 'ஏழைத் தொழிலாளரின் தந்தையே' என்று மெம்பரைப் புகழ்ந்து ஓர் உபசாரப் பத்திரம் எழுதி, அந்தக் கைநாட்டுகளின் மேல் வைத்துத் தைத்தேன். ஓட்டில்லாதவன் விரலையும் வீணாக்காத கெட்டிக்காரன் நான்! மெம்பர் முதுகில் தட்டிக் கொடுத்தார். நானும் பூரித்துப் போனேன்.

தேர்தல் கூட்டத்தில், கொட்டடி ஆட்கள் கைநாட்டு வைத்துக் கொடுத்தது என்று சொல்லி அதை வாசித்தேன். மேஸ்திரி எழுந்தார்.

"ரைட்டரையா, குழாய்ச் சங்கதி எப்ப வரும்?"

"உக்காருமய்யா, பெரியவங்க இருக்காங்க."

"உக்காருறேன். ஆனா தகப்பன் வேணும்னு நாங்க கைநாட்டு வைக்கலீங்களே. எங்கப்பன் ஊர்ல நல்லாத்தான் இருக்கான்."

பின்வரிசையில் சிரித்தார்கள்.

"எதிராளி அனுப்பின ஆளு. வெளிய தள்ளுங்க!" என்று கத்தினேன்.

இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

"என்னை அனுப்பினது செத்தவங்கய்யா!" என்று சொல்லிக்கொண்டே போனார்.

மெம்பர் ஜெயித்தார். அடுத்த கோடையில் கொட்டடியில் மறுபடியும் பேதி. மேஸ்திரியும் அதில் செத்துப்போனார் என்று கேள்விப்பட்ட அன்றே குழாய்க் கேள்வியை எழுதி மெம்பரின் முன்னால் வைத்தேன். அவர் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் என்னிடமே நீட்டினார். நான் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்றைய கடிதங்களை எழுத உட்கார்ந்தேன். அவர் சபையில் இருந்தவரை அவருக்காகவே எழுதினேன்.