எந்த ஊர் மணி

"அங்கே இப்போ வெட்டமா, இருட்டா?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சந்தனமாரி கேட்கிறாள். எதிர்முனையில் இருப்பவர் டொராண்டோக்காரர். அவருடைய அப்பாவைச் சாயங்காலம் இங்கே அடக்கம் செய்யப் போகிறார்கள். விசும்பலை நிறுத்திவிட்டு, இருட்டு என்கிறார். "சரி. போன்ல காட்டுற மணி உங்க ஊர் மணியாக்கும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒருதரம் திருப்பிச் சொல்லுங்க." அவரும் சொல்கிறார். துக்கத்தில் இருப்பவரை இப்படி வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கலாமா என்று சேவியர் முணுமுணுப்பார். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. அடுத்த எண்ணை அழுத்துவாள்.

சேவியர் கேமராக்காரர். வெளிநாட்டிலிருந்து வர முடியாத பிள்ளைகளுக்கு இறுதிச் சடங்கை நேரலையில் காட்டுவது இருவருக்கும் தொழில். படம் அவர் பொறுப்பு, இணையதளம் இவள் பொறுப்பு. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டிக்கு மேலே அவளுடைய அறை. ஏறி வருகிறவர்கள் எல்லாரும் தும்முவார்கள், அவள் மட்டும் தும்ம மாட்டாள். அப்பா நகராட்சி வேலைக்கு வந்த தென்காசிக்காரர். இவளுக்குப் பேச்சு தமிழ், எழுத்து மலையாளம். சாயாவைப் பச்சைத் தண்ணீராக ஆறவிட்டுத்தான் குடிப்பாள்.

தளத்தைக் கட்டி முடித்தபோது பெருமை தாங்கவில்லை. சர்வர் எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரமாக வைத்துக்கொள்ளும். பார்ப்பவரின் போன் எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டு மணியாக அதை மாற்றிக் காட்டும். இனி ஆட்கள் கணக்குப் போட்டுக் கஷ்டப்பட வேண்டாம் என்று சேவியரிடம் பீற்றிக்கொண்டாள். போடாமல் இருப்பார்கள் என்று எதை நம்பினாளோ.

அரிசிக் கிட்டங்கியில் வேலை பார்த்த அழகம்மாள் இறந்தபோது மூத்த மகன் முத்துராமலிங்கம் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. தம்பி கொள்ளி வைப்பதென்று முடிவாயிற்று. பெரியவனுக்கு அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம். கொச்சியில் பிற்பகல் மூன்று மணிக்குத் தூக்குவதாக இருந்தது. அவன் போனில் ஐந்தரை என்று சரியாகவே மாறி வந்தது. ஆனால் வெறும் ஐந்தரை. எந்த ஊர் ஐந்தரை என்று பக்கத்தில் எழுதவில்லை. ஊரிலிருந்து யார் மணி சொன்னாலும் இரண்டரையைக் கூட்டியே பழகியவன் அவன். வருஷக்கணக்கான பழக்கம். இதிலும் கூட்டினான். எட்டு மணிக்குத் தலைக்குக் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு தளத்தைத் திறந்தான். திரை கறுப்பாக இருந்தது. இங்கே எல்லாம் முடிந்து, சேவியர் கேமராவைக்கூடப் பெட்டியில் வைத்துவிட்டார்.

"அக்கா, நான் கூட்டிப் பார்த்துத்தானே வந்தேன்" என்று செய்தி அனுப்பினான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

நம்ம மேலே தப்பில்லை என்றார் சேவியர். எழுதிய நிரலில் தப்பில்லைதான். "ஊர்ப் பேரு ஒண்ணு போட்டிருந்தா போதும், சேட்டா. அதுக்கு எனிக்கு ஒரு நிமிஷம் ஆகுமா?" என்று கேட்டுவிட்டு, அன்று பூராவும் அழுதாள். இப்போது மணிக்குப் பக்கத்தில் ஊரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். எழுத்தையும் நம்பாமல்தான் இந்தப் போன் விசாரணை.

அன்றைய படப்பதிவை முத்துராமலிங்கத்துக்கு அனுப்பி வைத்தாள். அவன் அதைத் திறக்கவே இல்லை என்று சர்வர் காட்டிக்கொண்டிருந்தது. பழைய பதிவுகளை மூன்று மாதத்தில் அழித்துவிடுவது வழக்கம். இதை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

போன மாதம் லீவில் வந்த முத்துராமலிங்கம் மண்டி மாடியேறி வந்தான். தனியாகப் பார்க்கத் தைரியம் வரவில்லை, இங்கேயே போடுங்கள் அக்கா என்றான். இருந்த ஒரே நாற்காலியில் அவனை உட்கார வைத்துப் படத்தை ஓட்டினாள். அழகம்மாளின் வாசலும், கூட்டமும், மாலைக்குள் புதைந்த முகமும் வந்தன. தம்பியும் மற்றவர்களும் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். சந்தனமாரி செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, அவன் நாற்காலிக்குப் பின்னால் கைகூப்பி நின்றாள்.